பங்குக்குள் பங்கு: முனாஸகாக் கணக்கும் தற்சுழற்சியும்

ஒருவர் மௌத்தாகி, அதாவது இறந்து, அவருடைய சொத்தைப் பங்கிடுவதற்கு முன்பே வாரிசுகளில் ஒருவரும் மௌத்தாகிவிட்டால், முதற் பங்கீட்டுக்குள் இரண்டாவது பங்கீடு ஒன்று முளைக்கிறது. மூன்றாமவர் மௌத்தானால் அதற்குள்ளும் இன்னொன்று. இஸ்லாமிய வாரிசுரிமைக் கலையான பராயிழ் இந்த நிலைமைக்கு முனாஸகா என்று பெயரிட்டு, அதற்கென்று ஒரு கணக்கு முறையையும் வகுத்திருக்கிறது. எத்தனை மௌத்துகள் ஒன்றுக்குள் ஒன்றாகப் புதைந்திருந்தாலும், இன்று உயிரோடிருப்பவர்களின் பெயரும் அவரவர் பங்கும் மட்டும் கொண்ட ஒரே பட்டியலை உருவாக்குவதே அந்த முறையின் நோக்கம்.

கணினி நிரலாக்கத்தில் பட்டியலுக்குள் பட்டியலாகப் பொதிந்த தரவை ஒற்றைப் பட்டியலாக்கும் வேலைக்குத் தட்டையாக்கல் என்று பெயர். தன்னையே அழைக்கும் செயற்கூறு, அதாவது தற்சுழற்சிச் செயற்கூறு, அதற்குரிய வழக்கமான கருவி. முனாஸகாவும் தட்டையாக்கலும் அமைப்பில் ஒரே கணக்கு. முன்னது ஆயிரம் ஆண்டுப் பழமை கொண்டது. பின்னது 1950களின் இறுதியில் உருவானது. அம்பாறைக் கரையோரத்தில் அட்டாளைச்சேனைக்கும் ஒலுவிலுக்கும் இடையே அமைந்த பாலமுனை போன்ற ஊர்களில், வயற்காணி உள்ள குடும்பங்களுக்கு முனாஸகா அடிக்கடி நேரும் நடைமுறைச் சிக்கல்.

பராயிழ் கணக்கின் வளர்ச்சி

பராயிழின் அடிப்படை திருக்குர்ஆனின் சூரத்துந் நிஸாவிலுள்ள 11, 12, 176ஆம் வசனங்கள். அவற்றில் குறிப்பிடப்படும் பின்னங்கள் ஆறு: அரை, கால், அரைக்கால், மூன்றில் இரண்டு, மூன்றில் ஒன்று, ஆறில் ஒன்று. குறித்த பின்னம் பெறுவோர் எடுத்தபின் எஞ்சுவது எச்ச வாரிசுகளைச் சேரும். மகனும் மகளும் சேர்ந்து எச்சம் பெறும்போது மகனுக்கு இரண்டு பங்கு, மகளுக்கு ஒரு பங்கு. மையித்தின் (இறந்தவரின்) அடக்கச் செலவு, கடன், மூன்றில் ஒன்றுக்கு மிகாத வஸிய்யத் (மரணசாசனக் கொடை) ஆகியவை கழிந்த பிறகே பங்கீடு தொடங்கும்.

விதிகள் சில. ஆனால் வாரிசுகளின் சேர்க்கைகள் பல. ஆகவே பராயிழ் தொடக்கத்திலிருந்தே கணிதத்தின் கைபிடித்து வளர்ந்தது. 9ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் பக்தாதில் இருந்த அல்குவாரிஸ்மி எழுதிய இயற்கணித நூலில் ஏறத்தாழப் பாதி, வாரிசுரிமையும் வஸிய்யத்தும் பற்றிய கணக்குகளே. அந்த நூலை 1831இல் பிரெடரிக் ரோசன் லண்டனில் ஆங்கில மொழிபெயர்ப்போடு பதிப்பித்தார்.

12ஆம் நூற்றாண்டில் இப்னுல் முதக்கினா என்ற அர்ரஹபி, ஏறத்தாழ 175 பைத்துகளில் பராயிழ் முழுவதையும் செய்யுளாக்கினார். ரஹபிய்யா எனப்படும் அந்த நூலில் முனாஸகாவுக்கும், நீரில் மூழ்கியும் இடிபாட்டில் சிக்கியும் இறந்தோருக்கும் தனித்தனிப் பிரிவுகள் உள்ளன. 1782இல் வில்லியம் ஜோன்ஸ் அதை ஆங்கிலத்தில் வெளியிட்டார். 13ஆம் நூற்றாண்டில் இமாம் நவவி எழுதிய மின்ஹாஜும், 16ஆம் நூற்றாண்டில் மலபாரின் பொன்னானியைச் சேர்ந்த ஸைனுத்தீன் மக்தூம் எழுதிய பத்ஹுல் முயீனும் ஷாபிஈ மத்ஹபின், அதாவது ஷாபிஈ சட்டநெறியின், பாடநூல்களாயின. இலங்கை முஸ்லிம்களில் மிகப் பெரும்பாலோர் ஷாபிஈ மத்ஹபினர் என்பதால், அரபுக் கல்லூரிகளில் ஓதிய ஆலிம்கள் வழியாக இந்தக் கணக்கு கிழக்குக் கரைக்கும் வந்து சேர்ந்தது.

முனாஸகாவை அட்டவணையாக எழுதும் முறையை, 1412இல் மறைந்த இப்னுல் ஹாயிமின் பெயரோடு பராயிழ் அறிஞர்கள் இணைத்துப் பேசுவர். அந்த அட்டவணைக்கு ஷுப்பாக் என்று பெயர். ஒவ்வொரு வாரிசுக்கும் ஒரு வரிசை, ஒவ்வொரு மௌத்துக்கும் ஒரு நிரல். மௌத்தானவரின் வரிசை அந்த நிரலோடு மூடப்படும். புதிய வாரிசுகளுக்குக் கீழே புதிய வரிசைகள் திறக்கப்படும். இடமிருந்தோ வலமிருந்தோ வாசித்துச் செல்பவர், காணி யாரிடமிருந்து யாருக்குப் போயிற்று என்பதைப் படிப்படியாகப் பார்க்க முடியும். கடைசி நிரலில் உயிரோடிருப்பவர் மட்டுமே எஞ்சுவர்.

கிழக்குக் கரையின் காணியும் சட்டமும்

ஆங்கிலேயர் ஆட்சியில் இலங்கை முஸ்லிம்களின் வாரிசுரிமை 1806ஆம் ஆண்டின் முகம்மதியர் சட்டக் கோவையில் முதன்முதலாக இடம்பெற்றது. ஒல்லாந்தர் காலத் தொகுப்பு ஒன்றை அடியொற்றி அமைந்த அக்கோவை முதலில் கொழும்புப் பகுதிக்கும், 1852இல் தீவு முழுவதற்கும் உரியதாயிற்று. 1931ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் அதன் இடத்தை எடுத்துக்கொண்டது. மரணசாசனம் இன்றி இறக்கும் முஸ்லிமின் சொத்து, அவர் சார்ந்த மத்ஹபின் சட்டப்படி சேரவேண்டும் என்று அது வகுத்தது. இவ்வாறு ஆலிமின் கணக்கு நீதிமன்றத்தின் கணக்காகவும் ஆயிற்று.

கிழக்குக் கரையின் தாய்வழி வழக்கம் இந்தச் சட்டத்தோடு அருகருகே இயங்குகிறது. அம்பாறை, மட்டக்களப்புக் கரையோரத்தின் தமிழரிடையேயும் முஸ்லிம்களிடையேயும் குடி என்னும் குலப்பிரிவு தாய்வழியில் வருவது. ஒருவரின் குடி அவருடைய உம்மாவின் குடி. உம்மாவின் குடி அவருடைய உம்மாவின் குடி. பள்ளிவாசல் நிர்வாகத்தில் குடிகளின் சார்பில் மரைக்கார்மார் அமர்ந்தனர். மணமகன் மணமகள் வீட்டுக்குக் குடிபோவதும், பெற்றோர் மகளுக்கு வீடும் வளவும், இயன்றால் வயலும் சீதனமாக எழுதிக் கொடுப்பதும் ஊர்வழக்கம். மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே அக்கரைப்பற்றை மையமாக வைத்து இவ்வழக்கங்களைப் பல்லாண்டுகள் ஆய்ந்து, 2008இல் விரிவான நூலொன்றை வெளியிட்டார்.

சீதனம் உயிரோடிருக்கும்போதே கைமாறுவதால், வீடு பெரும்பாலும் பராயிழ் கணக்குக்குள் வருவதில்லை. வயலின் கதை வேறு. வயல்வெளியான வட்டையில் கிடக்கும் காணிக்கு ஒரே வாய்க்கால் பாய்ந்து, நீர்ப்பாசனப் பொறுப்பாளரான ஒரே வட்டவிதானையும் வயலை மேற்பார்க்கும் ஒரே முல்லைக்காரரும் அதைப் பார்த்துக்கொள்ளும் வரை, வாரிசுகள் அதைக் கூறுபோட அவசரப்படுவதில்லை. விளைச்சலைப் பகிர்ந்துகொண்டால் போதும் என்று ஆண்டுகள் கழிகின்றன. சிறு துண்டுகளாக வெட்டினால் வரப்புக்கே நிலம் போய்விடும் என்ற கணிப்பும், உம்மா உயிரோடிருக்கும்போது வாப்பாவின் காணியைப் பங்குபோடத் தயங்கும் மரியாதையும் சேர்ந்துகொள்கின்றன. ஆனால் ஷாபிஈ சட்டத்தில் வாரிசின் உரிமை, மௌத்து நிகழ்ந்த அந்தக் கணத்திலேயே பிறந்துவிடுகிறது. கூறு போடுவது தாமதமாகலாம், உரிமை தாமதமாவதில்லை. அந்த இடைவெளியில்தான் பங்குக்குள் பங்கு புகுகிறது.

ஒரு வயல், மூன்று மௌத்துகள்

கணக்கின் நடப்பை ஓர் எடுத்துக்காட்டில் காணலாம். வயலின் பரப்பு 9 ஏக்கர், அதாவது 1440 பேர்ச். வாப்பா மௌத்தாகிறார். உம்மாவும் இரண்டு ஆண்மக்களும் ஒரு மகளும் வாரிசுகள். வாப்பாவின் பெற்றோர் முன்பே இறந்தவர்கள். உம்மாவுக்கு எட்டில் ஒன்று. மீதி ஏழு பங்கும் 2:2:1 என்று பிரியவேண்டும். எட்டை ஐந்தால் பெருக்கி 40 என்ற அடி எண்ணை எடுத்தால் எல்லாம் முழு எண்ணாகும்: உம்மா 5, மூத்த மகன் 14, இளைய மகன் 14, மகள் 7.

வயல் பிரிக்கப்படவில்லை. சில ஆண்டுகளில் மூத்த மகன் மௌத்தாகிறார். அவருக்கு உம்மா, மனைவி, ஒரு மகன், ஒரு மகள். உம்மாவுக்கு ஆறில் ஒன்று, மனைவிக்கு எட்டில் ஒன்று, எஞ்சியது பிள்ளைகளுக்கு 2:1. மையித்துக்கு மகன் இருப்பதால் சகோதரனுக்கும் சகோதரிக்கும் ஒன்றும் இல்லை. இந்தப் பங்கீட்டின் அடி எண் 72: உம்மா 12, மனைவி 9, மகன் 34, மகள் 17.

இனி இரண்டு பங்கீடுகளையும் ஒன்றாக்க வேண்டும். மூத்த மகனுக்கு முதற் கணக்கில் கிடைத்தது 14. அதை 72 முழுக் கூறுகளாக உடைக்க முடியாது. பராயிழ் அறிஞர் இரு எண்களின் உறவை நான்கு வகையாகப் பிரிப்பர்: இரண்டும் சமம், ஒன்று மற்றொன்றின் மடங்கு, இரண்டுக்கும் பொதுக்காரணி உண்டு, பொதுக்காரணி ஏதும் இல்லை. 14க்கும் 72க்கும் பொதுக்காரணி 2. எனவே 72இன் பாதியான 36ஆல் முதற் கணக்கைப் பெருக்கவேண்டும். 14இன் பாதியான 7ஆல் இரண்டாம் கணக்கைப் பெருக்கவேண்டும். புதிய அடி எண் 40 × 36 = 1440. முதற் கணக்கில் உம்மா 180, இளைய மகன் 504, மகள் 252. இரண்டாம் கணக்கில் உம்மா 84, மருமகள் 63, பேரன் 238, பேத்தி 119. உம்மா இரண்டிலும் வருவதால் அவருடைய மொத்தம் 264.

மூன்றாவதாக உம்மா மௌத்தாகிறார். அவருடைய பெற்றோரும் இல்லை. உயிரோடிருக்கும் இளைய மகனும் மகளும் 2:1 என்று பெறுவர். மகன் இருப்பதால் மூத்த மகனின் பிள்ளைகள் பாட்டியின் பங்கில் வாரிசாக மாட்டார்கள். 264 மூன்றால் மீதியின்றி வகுபடுவதால் அடி எண் மாறவேண்டியதில்லை. இளைய மகனுக்கு 176, மகளுக்கு 88.

கடைசிப் பட்டியல் இது: இளைய மகன் 680, மகள் 340, பேரன் 238, பேத்தி 119, மருமகள் 63. கூட்டுத்தொகை 1440. வயலும் 1440 பேர்ச் என்பதால் ஒரு பங்கு ஒரு பேர்ச். மூன்று மௌத்துகள் ஒன்றுக்குள் ஒன்றாகப் பொதிந்திருந்த உரிமை, ஐந்து பெயர்கள் கொண்ட ஒரே வரிசையாகிவிட்டது.

அதே கணக்கு கணினியில்

1958இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஜான் மெக்கார்த்தி, லிஸ்ப் என்னும் நிரல்மொழியை வடிவமைக்கத் தொடங்கினார். அம்மொழியில் தரவின் அடிப்படை வடிவம் பட்டியல். பட்டியலின் உறுப்பு ஒரு தனிப்பொருளாகவோ இன்னொரு பட்டியலாகவோ இருக்கலாம். பட்டியல் இவ்வாறு தன்னைத் தானே உள்ளடக்குமானால், அதைக் கையாளும் செயற்கூறும் தன்னைத் தானே அழைக்கவேண்டும். 1960 ஏப்ரலில் வெளியான மெக்கார்த்தியின் கட்டுரை, கணித ஏரணத்தில் தெடெகிண்ட், கோடெல் ஆகியோர் கையாண்ட தற்சுழற்சியை இயந்திரத்தில் இயங்கும் முறையாக்கியது.

அக்காலத்தில் இது எல்லாரும் ஏற்ற முறை அன்று. 1957இல் வெளிவந்த போர்ட்ரான், ஒரு செயற்கூறு தன்னை அழைப்பதை அனுமதிக்கவில்லை. 1960இன் அல்கோல் அனுமதித்தது. அழைத்த இடத்துக்குத் திரும்பிவர, பாதியில் நின்ற ஒவ்வொரு கணக்கையும் இயந்திரம் நினைவில் வைத்திருக்கவேண்டும். கடைசியில் வைத்ததை முதலில் எடுக்கும் அடுக்கமே அதற்கான இடம். ஜெர்மனியின் பாவரும் சாமெல்சனும் 1950களில் அடுக்கக் கருத்தை வகுத்தனர். நெதர்லாந்தின் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா 1960இல் தற்சுழற்சிக்கு அதைப் பயன்படுத்தும் முறையை விளக்கி எழுதினார்.

முனாஸகாவைத் தற்சுழற்சியாக எழுதினால் இரண்டே விதிகள்தான்:

பங்கிடு (ஆள், பங்கு):
ஆள் உயிரோடிருந்தால், விடைப்பட்டியலில் அவர் பெயருக்கு நேரே பங்கைக் கூட்டு.
ஆள் மௌத்தாகியிருந்தால், அவருடைய ஒவ்வொரு வாரிசுக்கும் பங்கிடு (வாரிசு, பங்கு × வாரிசின் பின்னம்).

முதல் விதி சுழற்சி நிற்கும் இடம். இரண்டாம் விதி சுழற்சி தொடரும் இடம். ‘வாப்பா, 1’ என்று ஒருமுறை அழைத்தால் போதும். எத்தனை தலைமுறை ஆனாலும் கணினி நிரல் நீளாது. சாதாரணத் தட்டையாக்கலில் ‘ஆள்’ என்ற இடத்தில் ‘உறுப்பு’ என்று வரும். உறுப்பு பட்டியலானால் உள்ளே போ, இல்லையேல் விடையில் சேர். பங்கீட்டில் ஒன்று மட்டும் கூடுதல்: கீழே இறங்கும் ஒவ்வொரு படியிலும் பின்னம் பெருக்கப்படுகிறது, ஒரே ஆள் பல வழிகளில் வந்தால் அவ்வழிகள் கூட்டப்படுகின்றன.

இளைய மகனின் 680 பேர்ச் மூன்று வழிகளில் சேர்ந்தது. வாப்பாவிடமிருந்து நேராக 504. வாப்பாவிடமிருந்து உம்மாவுக்குப் போய், அங்கிருந்து 120. வாப்பாவிடமிருந்து மூத்த மகனுக்கும், அவரிடமிருந்து உம்மாவுக்கும் போய், அங்கிருந்து 56. தற்சுழற்சிச் செயற்கூறு உம்மாவை இரண்டு முறை சந்திக்கிறது, இரண்டு முறையும் அவருடைய வாரிசுகளை விரிக்கிறது. மௌத்துகள் பெருகி உறவுகள் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னும்போது, இந்த மீள்விரிப்பு மடங்கு மடங்காகப் பெருகக்கூடும்.

ஆலிமின் அட்டவணை அந்த வீண்வேலையைத் தவிர்க்கிறது. அவர் மௌத்துகளைத் தேதி வரிசையில் எடுத்துக்கொள்கிறார். உம்மாவின் நிரலுக்கு வருவதற்குள், அவருக்கு வரவேண்டிய 180உம் 84உம் வந்து 264 ஆகிவிட்டன. அதை ஒரே முறை உடைத்தால் போதும். நிரலாளர் தற்சுழற்சியைத் தன்னை அழைக்காத சுழற்சியாக மாற்றி எழுதும்போதும், கிடைத்த விடையைச் சேமித்து மீண்டும் பயன்படுத்தும்போதும் செய்வது இதே காரியம். தற்சுழற்சி விதியைத் தெளிவாகச் சொல்கிறது; தேதி வரிசை வேலையைக் குறைக்கிறது. விடை இரண்டிலும் ஒன்றே.

குடியைக் கண்டறிவதும் தற்சுழற்சிதான், ஆனால் மிக எளியது. ஒவ்வொரு படியிலும் ஓர் உம்மா மட்டுமே என்பதால் பாதை கிளைப்பதில்லை. அறிந்த குடி ஒன்றை எட்டியதும் நின்றுவிடும். பராயிழில் ஒவ்வொரு படியும் பல கிளையாகப் பிரிகிறது. ஓர் ஊர்ப் பெரியவர் குடியை வாய்மொழியாகச் சொல்லிவிட முடிவதும், பங்கைச் சொல்ல ஆலிமும் எழுதுதாளும் தேவைப்படுவதும் இந்த வேறுபாட்டால்தான்.

யார் முதலில் இறந்தார்

தன்னையே அழைக்கும் செயற்கூறு என்றாவது நிற்கவேண்டும். நிற்காவிட்டால் அடுக்கம் நிரம்பி நிரல் முறியும். பைத்தான் மொழி இதற்காகவே ஏறத்தாழ 1000 அழைப்புகளில் வரம்பு வைத்திருக்கிறது. பங்கீட்டுக் கணக்கு நிற்பதற்குக் காரணம் காலம். ஒருவர் மௌத்தாகும்போது உயிரோடிருப்பவரே அவருக்கு வாரிசு. ஆகவே ஒவ்வோர் அழைப்பும் பிந்திய ஒரு மௌத்தை நோக்கியே போகும், பின்னோக்கித் திரும்பாது. மௌத்துகள் எண்ணத்தக்கவை என்பதால் கணக்கு முடிந்தே தீரும்.

வரிசை மாறினால் விடையும் மாறும். மேலே சொன்ன குடும்பத்தில் மூத்த மகன் வாப்பாவுக்கு முன்பே இறந்திருந்தால், இளைய மகன் இருக்கும் காரணத்தால் பேரனும் பேத்தியும் பாட்டனின் காணியில் ஒன்றும் பெறமாட்டார்கள். மருமகளின் 63 பேர்ச்சும் இல்லை. மூவருக்கும் சேர்ந்த 420 பேர்ச் ஒரு தேதியைப் பொறுத்து நிற்கிறது. அத்தகைய பேரப்பிள்ளைகளுக்கு, பாட்டன் தம் வாழ்நாளிலேயே வஸிய்யத் மூலமோ நன்கொடை உறுதி மூலமோ ஏற்பாடு செய்ய மார்க்கச் சட்டம் வழி வைத்திருக்கிறது.

வரிசையே தெரியாவிட்டால் என்ன செய்வது? கணவனும் மனைவியும் ஒரே விபத்தில் இறந்தனர் என்றும், பிள்ளைகள் உண்டு என்றும் கொள்வோம். ஒருவருக்கொருவர் வாரிசு என்று கணக்கிட்டால், மனைவியின் சொத்தில் நான்கில் ஒன்று கணவனுக்கு; அதில் எட்டில் ஒன்று, அதாவது 32இல் ஒன்று, மீண்டும் மனைவிக்கு; அதில் நான்கில் ஒன்று மீண்டும் கணவனுக்கு. செயற்கூறு அவரையும் இவரையும் மாறி மாறி அழைத்துக்கொண்டு ஓயாமல் சுழலும்.

ஷாபிஈ மத்ஹபின் விதி இந்த வட்டத்தை முதற் படியிலேயே வெட்டுகிறது. யார் முந்தியவர் என்று அறியமுடியாத நிலையில், மூழ்கியோரும் இடிபாட்டில் சிக்கியோரும் ஒருவருக்கொருவர் வாரிசாக மாட்டார்கள். ஒவ்வொருவரின் சொத்தும் அவரவருடைய உயிரோடிருக்கும் வாரிசுகளுக்கே போகும். ஹன்பலி மத்ஹபின் அறியப்பட்ட நிலைப்பாடு வேறு வகையில் வெட்டுகிறது: ஒருவர் மற்றவரின் பழைய சொத்தில் பங்கு பெறலாம், ஆனால் அந்த மற்றவர் தம்மிடமிருந்து பெற்ற பங்கில் மறுபடி பங்கு பெறமுடியாது. சுழற்சி ஒரு நிலை ஆழத்தோடு நின்றுவிடும். 2019இல் ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் சேர்ந்த தட்டையாக்கல் கட்டளையும், ஆழம் எதுவென்று சொல்லாதபோது ஒரு நிலையை மட்டுமே தட்டையாக்குகிறது.

2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை இந்த விதியை ஏட்டிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்தது. இலங்கையில் மிக அதிகமானோர் உயிரிழந்தது அம்பாறை மாவட்டத்திலேயே; பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர். கல்முனை, சாய்ந்தமருது முதல் தெற்கே உள்ள ஊர்கள் வரை, ஒரே குடும்பத்தில் பலர் ஒரே நேரத்தில் மௌத்தாயினர். யார் முந்தியவர், யார் பிந்தியவர் என்று சொல்ல ஆளில்லாத வீடுகள் பல. காணி உறுதிகளும் அடையாள ஆவணங்களும் தண்ணீரோடு போயின. சுனாமி எழுப்பிய சட்டச் சிக்கல்களுக்கெனப் பாராளுமன்றம் 2005இல் தனிச் சட்டமும் இயற்றியது. பழைய நூல்களில் சில வரிகளாக இருந்த ‘மூழ்கியோர்’ பகுதி, அந்தக் கரையில் எத்தனையோ அனாதைப் பிள்ளைகளின் உரிமையை முடிவு செய்யும் விதியாயிற்று.

நீதிமன்றத்தில் வம்சாவளி

தட்டையான பட்டியல் பயனுள்ளது. ஆனால் அதில் வழி தெரியாது. 680 என்ற எண்ணைப் பார்த்து அது மூன்று வழிகளில் வந்ததென்று யாரும் அறியமுடியாது. தட்டையாக்கிய தரவிலிருந்து பழைய அமைப்பை மீட்க முடியாது என்பது நிரலாக்கத்திலும் அடிப்படை உண்மை. அதனால் நிரலாளர் ஒவ்வோர் உறுப்போடும் அது வந்த பாதையையும் சேர்த்து எழுதிவைப்பதுண்டு.

இலங்கையின் காணிச் சட்டமும் பாதையைக் கேட்கிறது. கூட்டுரிமைக் காணிகளைப் பிரிப்பதற்கு 1863ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமும், பின்னர் 1951ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கச் சட்டமும் இருந்தன. இப்போது நடப்பில் உள்ளது 1977ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கப் பாகப்பிரிவினைச் சட்டம். வழக்காளி தம் பங்கைக் கூறினால் மட்டும் போதாது; மூல உரிமையாளர் முதல் இன்றைய உரிமையாளர் வரை உரிமை இறங்கிவந்த வம்சாவளியையும் காட்டவேண்டும். விடுபட்ட ஒரு வாரிசு, தவறிய ஒரு மௌத்துத் தேதி, இருவருக்கு ஒரே பெயர் என்ற குழப்பம் ஆகிய எதுவும் வம்சாவளியின் கிளையொன்றை மாற்றி, அதன் கீழுள்ள எல்லாப் பின்னங்களையும் மாற்றிவிடும். பாகப்பிரிவினை வழக்குகள் பல ஆண்டுகள் இழுபடுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். பிரிபடாத பங்கை உறுதி எழுதி விற்கும்போது பின்னம் பிழைத்தால், விற்றவரிடம் இல்லாததை வாங்கியவர் விலை கொடுத்து வாங்கியவராவார்.

பாலமுனைக்கு அடுத்த ஒலுவிலில் உள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் இஸ்லாமிய கற்கைகளும் அரபு மொழியும் ஒரு பீடம்; அறிவியலும் தொழில்நுட்பமும் வேறு பீடங்கள். பராயிழ் கணக்கைச் செய்து தரும் செயலிகள் இன்று உலகெங்கும் பல உள்ளன. அவற்றில் ஒரே மௌத்தை மட்டும் கணக்கிடுபவை ஏராளம். பிரிபடாத காணியுள்ள குடும்பத்துக்குத் தேவையானது முனாஸகாவையும், தேதி தெரியாத மௌத்துகளையும், பங்கு வந்த வழியையும் சேர்த்துத் தரும் செயலியே. அதன் விதிகளை அறிந்தவர்களும் நிரல் எழுதத் தெரிந்தவர்களும் ஒரே கரையில் இருப்பது இந்தப் பகுதியின் பேறு.

ஆயினும் எந்த ஆலிமும் எந்தச் செயலியும் கொடுத்த விவரத்தைக் கொண்டே கணக்கிட முடியும். ஒவ்வொரு குடும்பமும் தன் மௌத்துகளின் தேதியையும், முடிந்தால் நேரத்தையும், அன்று உயிரோடிருந்த வாரிசுகளின் பெயர்களையும் எழுதிவைப்பதும், வயலைக் கூறுபோடாவிட்டாலும் பங்கை உடனே கணக்கிட்டுக் கையெழுத்திட்டு வைப்பதும் பின்வரும் தலைமுறைக்குச் செய்யும் நீதி. தாமதம் ஒவ்வொரு மௌத்தோடும் கணக்கை ஒரு படி ஆழமாக்குகிறது. முதலில் தேய்ந்து போவது பெரும்பாலும் விதவைகளின் பங்கும் அனாதைகளின் பங்குமே.